சாமியாரின் பாலிசியும் நான் வெட்டிய காட்சியும்

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திருப்பூரில் அவிநாசி சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில், மாடியறை ஒன்றில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், சீர், காதுகுத்து, புதுக் கம்பெனித் திறப்பு விழா என்று எது வந்தாலும் எடுப்பேன். மாப்பிள்ளையும் பெண்ணும் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வருவது, இருவர் முகமும் நிலாவில் தெரிவது போன்ற வேலைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் நானே செய்வேன். பிழைப்பு அதுதான். ஆனால் மனதுக்குள் நான் ஒரு சினிமாக்காரன். அதுவும் நகைச்சுவைப் படம் எடுக்கவே பிறந்தவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சிடி கடைக்காரருக்கு என் ருசி தெரியும். போலிச் சாமியாரைக் கேலி செய்கிற படம், கோயில் சண்டையைக் கேலி செய்கிற படம் எது வந்தாலும் எடுத்து வைத்திருப்பார். எந்த மொழியாக இருந்தாலும் பார்ப்பேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனை முட்டாளாக்குகிற காட்சி ஒன்று இருந்தால் அந்தப் படத்தை மூன்று தடவை பார்ப்பேன். இந்த இரண்டின் மேலும் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால் அதற்குக் காரணம் என் அப்பாவின் சாவு.

அப்பா துணி வெளுக்கிற ஒரு பிளீச்சிங் பட்டறையில் வேலை செய்தார். எனக்குப் பதினேழு வயது இருந்தபோது ஒரே நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் இறந்த நட்சத்திரம் சரியில்லை, வீட்டை ஆறு மாதம் அடைத்துவைக்க வேண்டும் என்றார் எங்கள் சொந்த ஊரான சேவூரில் சாங்கியம், சடங்கு செய்துவைக்கிறவர். பாலிசிக் காகிதத்தில் அப்பாவின் இனிஷியல் சரியில்லை, வேறு சான்றிதழ் கொண்டு வர வேண்டும் என்றார்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசில். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் ஆறு மாதம் இருந்தார். அந்த ஆறு மாதமும் இனிஷியலுக்காக ஆபீஸ் படி ஏறினார். செத்தவரிடம் குறை கண்டுபிடிக்கிற இந்த இரண்டு பேரையும் என்றைக்காவது ஒரே படத்தில் கட்டிவைத்துச் சிரிக்க வேண்டும் என்கிற எண்ணம் அப்போதே எனக்குள் விழுந்துவிட்டது.

பல வருஷம் கழித்து அந்தக் கதை கிடைத்தது. தனக்கு முந்நூறு வயது என்று ஊரை நம்பவைத்திருக்கும் ஒரு சாமியார் யாருக்கும் தெரியாமல் ஆயுள் பாலிசி எடுக்கிறார். ஒரு நாள் செத்தும் போகிறார். சாமி சாகவில்லை, சமாதி நிலையில் இருக்கிறார் என்று சீடர்கள் வெளியே கூட்டத்திடம் சொல்கிறார்கள். உள்ளே அதே சீடர்கள் பாலிசிப் பணம் கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரரோ மாலையோடு வந்து சமாதியின் முன் விழுந்து கும்பிட்டு, "கம்பெனி முழுசா நம்புதுங்க, சாமி சாகவே இல்லீங்க, பிரீமியத்தை மட்டும் விடாமக் கட்டீருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். முக்கால் மணி நேரப் படம். எழுதியதும் நான், எடுப்பதும் நான், சாமியார் வேஷமும் நான். இன்ஷூரன்ஸ்காரர் வேஷத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

என் மனைவி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பிரிக்கிற வேலை. அவள்தான் சொன்னாள்.

"ஏனுங்க, எங்க செக்கிங் இன்சார்ஜ் அண்ணன் இருக்காருங்க. சாயந்தரமானா அவரே பாலிசி புடிக்கறவருதான். அவரு பேச ஆரம்பிச்சா டேபிள்ல ஒருத்தரும் பீஸ் பாக்கறதில்லீங்க."

"நெம்பச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரோ?"

"அவரு சிரிக்கவே மாட்டாருங்க. நாங்கதான் சிரிப்போம். நேத்து ஒரு புள்ளைகிட்டச் சொல்றாரு, 'சாவுங்கறது ஒரு ஆர்டரு மாதிரிதான் கண்ணு. எல்லாருக்கும் கன்பார்ம் ஆயிருச்சு. ஷிப்மென்ட் தேதி மட்டும் நமக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க'ன்னு." சொல்லும்போதே அவள் தட்டில் சோறு சிதறும்படி சிரித்தாள்.

நான் இரண்டு வருஷமாக அந்தக் கதையை யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் இப்படி ஒரு வரி இல்லை. திருப்பூரில் இருக்கும் எவனுக்கும் தோன்றியிருக்க வேண்டிய வரி. எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

வேறு ஆள் கிடைக்காததால் அவரையே வரச் சொன்னேன். வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. குன்னத்தூர்ப் பக்கம் சொந்த ஊர், தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் பாட்டுப் பாடுகிறவர் என்பதால் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஷூட்டிங்குக்கு வர முடியும் என்றார். எனக்கு எரிச்சல். மதத்தைக் கேலி செய்கிற படம், சர்ச்சுக்குப் போன ஆளுக்காகக் காத்திருக்கிறது.

முதல் நாளே கேட்டுவிட்டேன். "ஏனுங்கண்ணா, நீங்க சாமி கும்புடறவரு. இந்தப் படத்துல நடிக்கறது சங்கடமா இருக்காதுங்களா?"

அவர் பையிலிருந்த பேனாவைச் சரியாகச் செருகிக்கொண்டார். "நம்ம ஊட்டு ஆளை நாம கேலி பண்றதுக்கு ஆருகிட்டீங் தம்பி பர்மிஷன் கேக்கறது? பக்கத்து ஊட்டு ஆளைக் கேலி பண்ணுனாத்தான் சண்டை வருமுங்க."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. அப்பா செத்த வருஷத்தோடு அது போய்விட்டது. அதனாலேயே கேலி செய்கிற உரிமை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவர் சொல்வதைப் பார்த்தால் நான் பக்கத்து வீட்டுக்காரன்.

நண்பர் ஒருவரின் மூடிக் கிடந்த தையல் ஷெட்டை ஆசிரமமாக மாற்றினோம். காவித் துணி கட்டி, தாடி ஒட்டி, கண்ணை உருட்டி, அடித் தொண்டையிலிருந்து கத்தி நான் நடித்தேன். கேமராவை மனைவி பிடித்தாள். கல்யாண வீடுகளுக்கு என்னோடு வந்து பழகியவள், கை நன்றாக நிற்கும். முதல் காட்சி பாலிசி எடுப்பது. இன்சார்ஜ் அண்ணன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வயசு கேட்க வேண்டும். நான் கர்ஜித்து "முந்நூறு!" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர் அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்து விழ வேண்டும். நான் எழுதியது அப்படித்தான்.

அவர் விழவில்லை. தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "பள்ளிக்கொடத்துச் சர்ட்டிபிகேட்டுல எவ்வளவு போட்டிருக்காங்க சாமி? அதையே போட்டுக்கலாமுங்களா?"

சீடர்களாக நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. "கட்" என்று கத்தினேன்.

"அண்ணா, எழுதுனதை மட்டும் சொல்லுங்க."

"மன்னிச்சுக்குங்க தம்பி. வாயில வந்துருச்சு."

அடுத்த தடவை நான் எழுதியபடியே அதிர்ந்து விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. மனைவி கேமராவிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் வழியிலேயே எடுத்தோம். படத்தில் இருப்பது அதுதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சமாதிக் காட்சி. நான் செத்த சாமியாராகப் பலகையில் மல்லாந்து படுத்திருந்தேன். கழுத்து வரைக்கும் பூ. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மாலையோடு வந்தார், விழுந்து கும்பிட்டார், கம்பெனி நம்புகிறது என்கிற வசனத்தைச் சொன்னார். அங்கே காட்சி முடிந்துவிட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அவர் குரல் கேட்டது.

"அப்பறம் சாமி, உசுரோட இருக்கறேன்னு இந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்து வேணுமுங்க. கம்பெனி ரூலுங்க."

பேனாவை என் கைக்குப் பக்கத்தில் நீட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. சத்தமே இல்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. பிறகு, "அவசரமில்லீங்க சாமி. தியானம் முடியட்டும். நான் சித்தெ இருக்கறேனுங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். அடுத்து டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம். வெங்காயச் சட்னி வாசனை என் மூக்கில் ஏறியது. நடிப்புக்காகக் கொண்டு வந்ததல்ல, சாயந்தரத்துக்கு என்று அவர் வைத்திருந்த சொந்த டிபன். "ரெண்டு தோசை சாப்புடறீங்களா சாமி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். "ஓ, இன்னைக்கு விரதமுங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, தினமும் சாப்பிடுவதற்கு முன் செய்வதுபோலவே, குரலைத் தாழ்த்தி, "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். பக்கத்துல ஒருத்தரு சாப்புடாம இருக்காரு, அவரையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஜெபித்தார்.

ஷெட்டே வெடித்தது. என்னாலும் அடக்க முடியவில்லை. பிணமாகப் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே மனைவியின் சிரிப்பு கேட்டது. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடியும் பீறிட்டு வருகிற சிரிப்பு. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் கேட்டதில்லை. என் சிரிப்பு அந்த நொடியே நின்றது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தால் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து எடிட்டிங்குக்கு உட்கார்ந்தேன். அந்த நாலு நிமிஷத்தைப் பல தடவை ஓட்டிப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது தப்பு. படம் முழுக்க ஆடியது. கேமரா கூரைக்குப் போனது, தரைக்கு வந்தது. பெரும்பாலும் நான் அவளுடைய சிரிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் அது காதுக்குள்ளேயே கேட்டது. ஆடுகிற காட்சியைக் கல்யாணப் படத்தில்கூடச் சேர்க்க மாட்டேன், இதில் எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெட்டினேன். அதன் இடத்தில் நான் தனியாக எடுத்து வைத்திருந்த வேறொரு முடிவைச் சேர்த்தேன். சாமியாரின் ஆவி எழுந்து நின்று, பயத்தை விற்றுப் பிழைப்பவர்களைப் பற்றி மூன்று நிமிஷம் பேசுகிற காட்சி.

அதோடு விட்டிருந்தால் நான் ஒரு மோசமான எடிட்டர், அவ்வளவுதான். அந்த வாரம் சேவூரில் ஒரு கல்யாணம் வந்தது. அலமாரியில் புது டேப் இருந்தது. அதை எடுக்காமல், அந்த டிபன் காட்சி இருந்த ஒரே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். முகூர்த்தத்தை அதன் மேலேயே பதிவு செய்தேன். கெட்டி மேளம் கேட்டபோது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மறைத்துப் பேச முடியாது.

ஆயுத பூஜைக்கு மனைவியின் கம்பெனியில் படத்தைப் போடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கட்டிங் செக்ஷனில் இரண்டு தூணுக்கு நடுவே வெள்ளைப் பனியன் துணியை இழுத்துக் கட்டித் திரையாக்கினோம். முந்நூறு பேராவது இருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் முன்னால், மதுரை, தேனிப் பக்கத்து ஆட்கள் நடுவில், பீகார்ப் பையன்கள் பின்னால் நின்றுகொண்டு.

இன்சார்ஜ் அண்ணன் திரையில் வந்தபோதெல்லாம் சிரிப்பு வந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்தது. தமிழ் தெரியாத பீகார்ப் பையன்கள்கூடச் சிரித்தார்கள், எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நான் வந்தபோது ஆட்கள் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசினார்கள். கடைசியில் ஆவி எழுந்து பேசத் தொடங்கியது. பாதியில் எங்கிருந்தோ ஒரு குரல், "பொரி எப்பங்க குடுப்பாங்க?" என்றது. அதற்குச் சிரித்தார்கள். என் படத்தின் கடைசிச் சிரிப்பு அதுதான்.

விளக்கைப் போட்டதும் மனைவி எழுந்தாள். "ஏனுங்க, அந்த டிபன் சீன் எங்கீங்க?" எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அவள் செக்கிங்கில் அந்தக் காட்சியைப் பற்றி இரண்டு மாதமாகச் சொல்லிவைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஆமாங்க, தோசை சீன் எங்கீங்க?" என்று நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"ஷாட்டு ஆடிப்போச்சு அம்மிணி" என்றேன். "நீ சிரிச்சதுல."

அவள் முகம் சுருங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

இன்சார்ஜ் அண்ணன்தான் பேசினார். "பரவாயில்லீங் தம்பி. படம் நீளமாயிரும்னு எடுத்திருப்பீங்க." அவர் அதை மனதாரச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் விடவில்லை. இங்கேயே செய்து காட்டுங்கள் என்று கத்தினார்கள். முதலாளியே கை தட்டினார். இன்சார்ஜ் அண்ணன் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். "சாமி படுத்திருந்தாத்தானுங் தம்பி அது வரும். சித்தெ படுக்கறீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கட்டிங் டேபிள் மேல் ஏறிப் படுத்தேன். யாரோ ஒரு வெட்டுத் துணியை எடுத்து என் மேல் போர்த்திவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். பேனா, மௌனம், டிபன் பாக்ஸ், விரதம், ஜெபம் எல்லாம் வரிசையாக வந்தன. தோசைக்குப் பதிலாகப் பொரிப் பொட்டலம். முந்நூறு பேர் சிரிக்கிற சத்தம் தகரக் கூரையில் மோதி என் மேலேயே விழுந்தது. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருமையான பிணமாக இருந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது நான் எதிர்பாராதது. இன்சார்ஜ் அண்ணன் கம்பெனியில் ஜெபத்தைக் கேலி செய்தார் என்று யாரோ போய்ச் சொல்லி, சபை ஆயர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர் இல்லை என்று முடிவானது. அதே மாதத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவருக்கு மேலே இருந்த அதிகாரியும் கூப்பிட்டு, கம்பெனியைக் கேவலப்படுத்தினால் ஏஜென்சி போய்விடும் என்று எச்சரித்தார். மனைவி இதை வருத்தத்தோடு சொன்னபோது எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு பொறாமை வந்து ஏறிக்கொண்டது. மதத்தையும் இன்ஷூரன்ஸையும் கேலி செய்து படம் எடுத்தவன் நான். என்னை ஒருவரும் கூப்பிட்டுத் திட்டவில்லையே?

தீபாவளிக்கு உள்ளூர் கேபிளில் படம் ஓடியது. அடுத்த நாள் ஸ்டூடியோவில் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். எவரும் வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர், ஏதோ ஒரு ஆசிரமத்துக்கு மாதாமாதம் போய் வருகிறவர். கடையில் சாமியார் படம் பெரிதாக மாட்டியிருப்பார். நானாகவே போய், "படம் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேனுங்க, பாத்தேனுங்க. அந்தப் பாலிசிக்காரரு நெம்ப நல்லாப் பண்ணியிருந்தாருங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமியாரு வேஷம் ஆருங்க போட்டது?" என்று கேட்டார்.

அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொங்கலுக்குக் கொமரலிங்கத்திலிருந்து மனைவியின் தங்கை வந்திருந்தாள். ஆடினாலும் பரவாயில்லை, அந்தக் காட்சியைத் தங்கைக்குக் காட்ட வேண்டும் என்று மனைவி ஸ்டூடியோ அலமாரியில் டேப்பைத் தேடினாள். டேப்புகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலைதான். எடுத்துப் போட்டாள். கேமராவின் சின்னத் திரையில் சேவூர் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தான். முன்னால் ஓட்டினாள், பின்னால் ஓட்டினாள். தங்கை இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு கேட்டாள்.

"ஷாட்டு ஆடுனா வெட்டலாமுங்க. அழிக்கறது எதுக்குங்க?"

நான் டேப் மாறிப்போச்சு என்றேன். அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னேன். அவள் அப்படிச் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை என்று சொன்னேன். எனக்காக ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல்போலக் கேட்டது.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நான் அவரைப் பாத்தாங்க சிரிச்சேன்? அவரு பேசறதைத்தான் தினமும் கேக்கறனே. நீங்க பொணமாப் படுத்துட்டு, பல்லைக் கடிச்சுட்டு, உங்க வயிறு மட்டும் பூவோட சேந்து குலுங்குச்சு பாருங்க. பூவெல்லாம் ஒவ்வொண்ணாக் கீழ உளுந்துச்சு. அதைப் பாத்துத்தானுங்க எனக்குக் கேமராப் புடிக்க முடியல."

அந்த நாலு நிமிஷத்தை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். என் வயிற்றை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திரையில் அவரையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்த அண்ணங்கிட்டப் போயிச் சொல்லீருங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தார். வாசலில் ஸ்டூல் போட்டுப் பாலிசிப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி என்னைச் சுலபமாக விட்டுவிடுவார் என்று ஓர் எதிர்பார்ப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. படிவங்களைக் கீழே வைத்தார்.

"வெட்டுனது உங்க இஷ்டமுங்க. படம் உங்களுது. அழிச்சுது வருத்தமாத்தானுங்க இருக்குது. எங்க அம்மா பாக்கோணும்னு சொல்லீட்டே இருந்தாங்க. நடக்க முடியறதில்லீங்க அவங்களுக்கு. தம்பிகிட்டக் கேட்டுக் கொண்டாந்து காட்டறேன்னு சொல்லியிருந்தேன்."

அவர் என்னிடம் அந்த டேப்பைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கேட்காமல் இருந்திருக்கிறார்.

"நான் உங்களுக்கு என்னங் தம்பி கெடுதல் பண்ணுனேன்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்கண்ணா. உங்களுக்குச் சிரிக்க வைக்க வருது. எனக்கு வரலீங்க."

அவர் கீழே வைத்த படிவங்களை மறுபடியும் கையில் எடுத்தார். அவர் மனைவி கொண்டு வந்த காப்பியை இரண்டு பேரும் குடித்தோம். கிளம்பும்போது, அம்மாவுக்கு முன்னால் அதைத் திரும்ப எடுக்கலாம், நான் கேமராவோடு வருகிறேன் என்றேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

குன்னத்தூரை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டில் அவருடைய அம்மா இருந்தார். நானும் மனைவியும் போனோம். கேமராவை இந்தத் தடவை ஸ்டாண்டில் நிறுத்தினோம். நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, எதிரில் கயிற்றுக் கட்டிலில் நான் படுத்தேன். அவர் அத்தனையும் செய்தார். ஆனால் முதல் நாள் வந்தது வரவில்லை. வார்த்தைகள் சரியாக இருந்தன, மௌனம் கொஞ்சம் முன்னே பின்னே போனது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கிக்கொண்டே வந்தது. காட்சியைத் தூக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதில் உதவி செய்கிற ஆசை பாதி என்றால், என் பங்கையும் இவர்கள் பார்க்கட்டும் என்கிற ஆசை மீதி. அவர் ஜெபம் செய்யத் தொடங்கியதும் வயிற்றை வேண்டுமென்றே குலுக்க ஆரம்பித்தேன்.

அம்மா மகனுடைய ஜெபத்தை நிறுத்தினார். மகனை அவர் செல்லமாகச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். "ஏன் சாமி, அந்தத் தம்பிக்கு வயித்து நோவு போலிருக்குது. சித்தெ சீரகத் தண்ணி வெச்சுக் குடுக்கச் சொல்லு."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது இன்சார்ஜ் அண்ணன் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் மகன் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். சீரகத் தண்ணீர் உண்மையாகவே வந்தது. குடித்தேன்.

டேப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். பிரதி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் ஆயர் அவரைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார். ஏஜென்சியும் போகவில்லை, ஆபீஸ் ஆண்டு விழாவில் அவரையே பேசச் சொன்னார்களாம். நான் இன்னும் இரண்டு நகைச்சுவைப் படம் எடுத்தேன். கேபிள்காரர் ஒன்றை ஒரு தடவை போட்டார், மற்றதைப் போடவில்லை. கல்யாணங்களுக்குத் திரும்பினேன். ஆர்டர் குறைந்து கம்பெனிகள் ஆள் குறைத்த சமயத்தில் அவர் வேலையை விட்டுக் குன்னத்தூருக்கே போய்விட்டார். பிறகு எப்போதாவது ஏதாவது சீர் வீட்டில் பார்ப்போம், நலம் விசாரித்துக்கொள்வோம்.

பொறாமை போய்விட்டதா என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். போய்விட்டது என்றேன். குன்னத்தூரில் அன்றைக்கு அவரைச் சிரிக்க வைத்தது நான்தான் என்று பல நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்தச் சீரகத் தண்ணி வரி அவருடைய அம்மா சொன்னது.